கிண்டியும் படிக்கமும் கட்டில் கம்பியும்

குறிஞ்சிப்பிட்டியில் எங்கட உம்மம்மா வீட்டில் ஒரு பித்தளைக் கிண்டியும் படிக்கமும் இருந்தன. சகனுக்கு உட்காரும் முன் ஒருவர் கிண்டியைச் சரித்துத் தண்ணீர் ஊற்றுவார். மற்றவர் படிக்கத்துக்கு மேலே கையைக் கழுவுவார். களப்புப் பக்கத்து உப்புக்காற்றில் பித்தளை சீக்கிரமே கறுத்துப் போகும். "புளியைப் போட்டு விளக்குங்க புள்ள" என்ற சத்தம் வீட்டில் கேட்டபடியே இருக்கும். பிறகு எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தன. கிண்டியும் படிக்கமும் பழைய பித்தளை வாங்க வந்தவரிடம் நிறுத்து விற்கப்பட்டன.

பல வருஷம் கழித்து உம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் நடந்தது. ஒபரேஷன் சரியாகவே முடிந்தது. ஆனால் காயத்தில் சீழ் வைத்துவிட்டது. எங்கிருந்து வந்த கிருமி என்று சொல்ல ஏலாது. பார்க்க வந்த எல்லோரும் பிடித்தது அந்தக் கட்டில் கம்பியைத்தான். பளபளவென்று மின்னிய எவர்சில்வர் கம்பி அது. அந்த நாட்களில்தான் உலோகங்களைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

செம்பும், செம்போடு துத்தநாகம் கலந்த பித்தளையும் கிருமியைத் தாமாகவே கொல்லும் என்ற செய்தி புதிதல்ல. 1852இல் விக்டர் பர்க் என்ற மருத்துவர் பாரிஸின் செம்புப் பட்டறைக்குச் சென்றபோது, அங்கு வேலை செய்தவர்களைக் கொலரா அவ்வளவாகத் தொடவில்லை என்பதைக் கவனித்தார். தண்ணீரில் கரையும் மிகச் சிறிதளவு செம்பே பாசியைக் கொல்லும் என்ற சுவிஸ் தாவரவியலாளர் நேகெலியின் ஆய்வு 1893இல் வெளியானது. 1983இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிலிஸ் குன் என்பவர் ஓர் ஆஸ்பத்திரியின் கதவுக் குமிழ்களைச் சோதித்தார். கறுத்து அழுக்காகத் தெரிந்த பித்தளையில் கிருமி குறைவு. சுத்தமாக மின்னிய எவர்சில்வரில் அதிகம்! 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், இரண்டு மணி நேரத்தில் 99.9 வீத பக்டீரியாவைக் கொல்லும் என்று செம்புக் கலவைகளைப் பதிவு செய்தது.

நமக்குப் பக்கத்திலும் சான்று உண்டு. 2012இல் வெளியான பெங்களூர் ஆய்வொன்றில், கொலரா, டைபொயிட் போன்ற நோய்களின் கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது, அவற்றில் ஒன்றையும் உயிரோடு மீட்டெடுக்க முடியவில்லை.

இது நடக்கும் விதம் இதுதான். செம்பின் மேற்பரப்பிலிருந்து கழன்று வரும் அயனிகள் கிருமியின் மேலுறையை உடைத்து உள்ளே போய், அதன் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. 2020இல் கொரோனா வைரஸைச் சோதித்தபோது, செம்பில் நாலு மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் இல்லை. எவர்சில்வரிலும் பிளாஸ்டிக்கிலும் மூன்று நாள் வரை இருந்தது.

நபி (ஸல்) அவர்கள் பித்தளைப் பாத்திரத்துத் தண்ணீரில் வுழூச் செய்ததை அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உண்டு. அதைக் கிருமியோடு முடிச்சுப் போட்டு, "எல்லாம் எங்களுக்கு முன்னமே தெரியும்" என்று சொல்லிக்கொள்வது சரியல்ல. அந்தப் பாத்திரத்தில் வுழூச் செய்யலாம் என்பதுதான் அதிலிருந்து நாம் எடுக்கும் சட்டம். உம்மம்மாவுக்கும் கிருமியைத் தெரியாது. கையைக் கழுவத் தெரியும். படிக்கத்தின் மேலே கையைச் சுத்தமாக்கியது தண்ணீர்தான், பித்தளையல்ல.

செம்புக்கு எல்லையும் உண்டு. புளிப்பான உணவு பட்டால் களிம்பு ஏறும், அது நஞ்சு. அதனால்தான் சமைக்கும் செம்புப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். வார்னிஷ் பூசிய பித்தளையில் கிருமி சாகாது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சை அறைகளில் கட்டில் கம்பி போன்ற பொருட்களைச் செம்பில் செய்து வைத்தபோது தொற்று 58 வீதம் குறைந்தது. பிந்திய ஆய்வுகள் எல்லாம் அந்த அளவு பயனைக் காட்டவில்லை. கை கழுவுவதும் துடைப்பதும் எப்படியும் வேண்டும்.

நம் ஊர்களில் வாட்டுக்குக் கட்டில் வாங்கவும் அறை கட்டவும் பள்ளிவாசல்களும் வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளும் காசு சேர்க்கிறார்கள். அடுத்த முறை சேர்க்கும்போது, கதவுக் கைப்பிடியையும் தண்ணீர்க் குழாயையும் வார்னிஷ் இல்லாத பித்தளையில் போடலாமா என்று டொக்டரிடமும் தாதிமாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கறுத்துப் போனால், அழுக்கு என்று சொல்லிக் கழற்றிவிட வேண்டாம்.