விழுப்புரத்துப் பனங்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கள் இறக்குவது பழைய பனைத்தொழில். பாளையை நசுக்கி, நுனியை அன்றாடம் சீவிக் கலயம் கட்டினால் பால் சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். பியருக்கு வேண்டிய மால்ட்டும் ஹாப்பும் அடுப்பும் இதற்கு வேண்டாம்; மரமேறியின் கைத்திறனே எல்லாம்.

ஆங்கிலேயர் காலத்தில் கள் மரத்துக்கு வரி இருந்தது. 1937இல் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் திறந்த மதுக்கடைகள் 1974க்குள் மூடப்பட்டு, 1981இல் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்துப் புதுச்சேரியில் கள்ளுக்கடைகள் உண்டு. தமிழ்நாட்டிலோ 2003 முதல் அரசின் டாஸ்மாக் கடைகள் பியர் விற்க, கள் இறக்குபவர் மீது வழக்கு. இது மரமேறிகளுக்கு இழைக்கப்படும் அநீதி. தடை நீங்க வேண்டும்.