முஈத்: ஆசிரியரை ஆசிரியரே உருவாக்கிய மரபு

மத்ரஸாக்களின் வரலாற்றை எழுதுவோர், அவற்றை நிறுவிய அமைச்சர்களையும் அவற்றில் பாடம் நடத்திய பேரறிஞர்களையும் விரிவாகப் பேசுவர். முதர்ரிஸுக்கும் மாணவருக்கும் இடையே அமர்ந்திருந்த முஈதை அவர்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். முஈத் என்றால் மீண்டும் சொல்பவர். முதர்ரிஸ் நடத்திய பாடத்தை மாணவர்க்குத் திரும்ப விளக்குவது அவரது பணி. அப்பணி மாணவர்க்குப் பயன்பட்டதைப்போலவே, நாளைய ஆசிரியரை வார்த்தெடுக்கவும் பயன்பட்டது என்பதே நாம் இங்குக் கவனிக்க வேண்டியது.

இதற்கு இமாம் அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸி (ரஹ்) அவர்களின் வாழ்வே சான்று. ஹிஜ்ரி 393இல் (கி.பி. 1003) பிறந்த அவர்கள், பக்தாதில் காழி அபுத் தய்யிப் அத்தபரி (ரஹ்) அவர்களின் அவையில் பத்தாண்டுகளுக்கு மேல் பயின்றார்கள். பின்னர் ஆசிரியரின் அனுமதியோடு, ஆசிரியரின் பள்ளிவாசலிலேயே, அவருடைய மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொன்னார்கள். அவருடைய முஈதாகவும் விளங்கினார்கள். ஹிஜ்ரி 430இல் (கி.பி. 1038-39) வேறொரு பள்ளிவாசலில் தனியே அமர்ந்து கற்பிக்குமாறு காழி அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அப்போது ஷீராஸி அவர்களுக்கு வயது 37. முதலில் செவிமடுத்தல், அடுத்து ஆசிரியரின் நிழலில் கற்பித்தல், அதன் பின்னரே தனி இருக்கை என்பது அந்த ஒழுங்கு.

ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) பக்தாத் நிழாமிய்யா திறக்கப்பட்டபோது அதன் முதர்ரிஸாக அவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முறைகேடாகப் பறிக்கப்பட்ட இடத்தில் எவ்வாறு பாடம் நடத்துவீர்கள் என வழியில் ஓர் இளைஞர் வினவ, திறப்பு நாளில் அவர்கள் வராமல் திரும்பிவிட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். இப்னுஸ் ஸப்பாஃக் (ரஹ்) அவர்கள் இருபது நாள்கள் பாடம் நடத்திய பின்னரே ஷீராஸி அவர்கள் பொறுப்பேற்றார்கள். பிறர் முன்னிலையில் பாடம் சொல்லிப் பழகிய அவர்களுக்கு, வயதில் இளையவரின் சொல்லையும் செவிமடுப்பது அரிதாக இருக்கவில்லை.

பிற்காலத்தில் முஈத் பதவி ஊதியமுள்ள பணியாக நிலைபெற்றது. ஹிஜ்ரி 771இல் (கி.பி. 1370) மறைந்த இமாம் தாஜுத்தீன் அஸ்ஸுப்கி (ரஹ்) அவர்கள், பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் முஈதுக்குப் போதாது என்றும், மாணவர்க்கு விளக்கிப் பயனளிக்காதவர் அப்பதவிக்குரிய கடமையைச் செய்தவராகார் என்றும் கண்டித்துள்ளார்கள். பதவி வெறும் பெயராகத் தேய்வதை அவர்கள் கண்டிருக்க வேண்டும்.

நம் அரபுக் கல்லூரிகளில் மாணவரிடையே தக்ரார் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆசிரியரிடையே அதற்கு நிகரானது இல்லை. ஷஅபானில் ஸனது பெற்ற இளம் ஆலிம், ஷவ்வாலில் ஒரு கிதாபுடன் வகுப்பில் தனியே அமர்த்தப்படுகிறார். மூத்த உஸ்தாது அவருடைய பாடத்தைக் கேட்பதில்லை. கேட்டால் அது அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது. நாமும் அவ்வாறே தொடங்கினோம். முதலாண்டு நஹ்வு வகுப்பில் நாம் திரும்பத் திரும்பச் செய்த ஒரு பிழையை நமக்கு உணர்த்தியவர், தயங்கித் தயங்கி எழுந்து நின்ற ஒரு மாணவர்தாம். அதற்குள் அப்பிழையைப் பலர் எழுதிக்கொண்டுவிட்டனர்.

வாரத்தில் ஒரு பாடவேளை மூத்தவர் இளையவரின் வகுப்பில் அமரட்டும். மறுவாரம் இளையவர் மூத்தவரின் வகுப்பில் அமரட்டும். கண்ட குறையை மாணவர் அறியாமல், அஸருக்குப் பின் தனிமையில் பேசிக்கொள்ளட்டும். இதற்குப் புதிய கட்டடமோ நன்கொடையோ தேவையில்லை. வரும் ஷவ்வாலிலேயே தொடங்கலாம்.