கடல் கடந்த படிப்பும் அதன் செலவும்

இந்திய மாணவர்கள் படிப்புக்காகக் கணிசமாக வெளிநாடு செல்லத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் லண்டன் போயாக வேண்டும். ஐ.சி.எஸ். எனும் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வும் 1922 வரை அங்குதான் நடந்தது. கப்பல் கட்டணம், குளிர்தாங்கும் உடை, கல்விக் கட்டணம், வாடகை, சாப்பாடு என்று எல்லாச் செலவும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது.

காந்தி 1888-இல் சட்டம் படிக்கக் கிளம்பியபோது, குடும்ப நண்பர் மாவ்ஜி தவே 3 ஆண்டுகளுக்கு 4,000 முதல் 5,000 ரூபாய் வரை ஆகும் என்று கணக்குச் சொன்னார். போர்பந்தர் சமஸ்தானத்திடம் கேட்ட உதவி கிடைக்கவில்லை. மனைவியின் நகைகளை விற்றால் 2,000, 3,000 தேறும் என்ற யோசனையும் எழுந்தது. கடைசியில் அண்ணன் லட்சுமிதாஸ் பொறுப்பேற்றுக்கொண்டார். பம்பாயில் சாதிப் பஞ்சாயத்து குறுக்கே வந்தது. கடல் கடப்பவருக்கு உதவினாலோ, வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனாலோ 1 ரூபாய் 4 அணா அபராதம் என்று தீர்ப்பாயிற்று. பயணப் பணத்தை வைத்திருந்த மைத்துனர் அதற்கு அஞ்சிக் கொடுக்க மறுத்தார். வேறொரு நண்பரிடம் கடன் வாங்கித்தான் காந்தி கப்பலேறினார்.

லண்டனில் அவர் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிக் கூலியை மிச்சப்படுத்த மைல் கணக்கில் நடந்தார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார்; அடுப்பு ஒன்று வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே செய்துகொண்டார். மதியம் மட்டும் வெளியே சாப்பாடு. இரவில் ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவில் நின்றது.

ஆனால் சிக்கனம் மட்டும் எல்லோரையும் கரைசேர்த்துவிடாது. நகையோ நிலமோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வெளியிலிருந்து ஒரு கை தேவைப்பட்டது. ஜாம்ஷெட்ஜி டாடா 1892-இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை அந்தத் தேவையை உணர்ந்து பிறந்தது. அது கொடுத்தது தானம் அல்ல, கடன். படித்து முடித்து வேலைக்குப் போனவர் திருப்பிக் கட்டினார். அந்தப் பணம் அடுத்த மாணவருக்குப் போனது. முதலில் உதவி பெற்றவர்களில் ஃப்ரெனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்ற இரு பெண் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் 1945-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனதும் டாடா உதவியில்தான்.

கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்து போகப் பணம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1914-இல் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கிடைத்தது. பயணத்துக்கும் உடைக்கும் தனியே பணம் ஒதுக்கப்பட்டது. ஒரு பவுன் 15 ரூபாய்க்குப் போன காலம் அது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவருக்கு அது மாதம் 300 ரூபாய்க்கும் மேல். அதில் ஆண்டுக்கு 50 பவுன் கும்பகோணத்து வீட்டுக்குப் போக ஏற்பாடானது. சைவச் சமையலைத் தன் அறையிலேயே செய்துகொண்ட ராமானுஜன், ஊரிலிருந்து கேட்டு எழுதியது கொட்டை நீக்கிய புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும்தான். 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், வீட்டுக்கும் தன் அவசியச் செலவுக்கும் போக மிஞ்சும் தொகையை ஏழை மாணவர்களின் படிப்புக்குச் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். நோயோடு ஊர் திரும்பக் காத்திருந்தபோது எழுதிய கடிதம் அது.

உதவிப் பணம் நிபந்தனையோடும் வந்தது. அம்பேத்கருக்கு பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் 1913-இல் கொடுத்தது மாதம் 11.5 பவுன். படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து லண்டனுக்குப் போனவர், 1917-இல் உதவிக்காலம் முடிந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் தீண்டாமை அவருக்குத் தங்க இடம்கூடக் கொடுக்கவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு 1920-இல் மறுபடி லண்டன் போனார்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸைத் தாண்டியிருந்த ஒரு ரூபாயின் மதிப்பு, 1921-இல் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே சரிந்தது. ரூபாயில் கடன் வாங்கிப் பவுனில் செலவழித்த அம்பேத்கர், அதே ரூபாயின் சிக்கலைத் தன் டி.எஸ்சி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பட்டம் 1923-இல் கிடைத்தது. தமிழ்நாடு அரசின் அயலக உயர்கல்வி உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது மிகப் பொருத்தமானது.

விடுதலைக்குப் பிறகு ஃபுல்பிரைட், கொழும்புத் திட்டம், காமன்வெல்த் உதவித்தொகை ஆகியவை வந்தன. ஆனால் நாணய மதிப்பின் அடி நிற்கவில்லை. 1966 ஜூன் 6 அன்று டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயானது; அமெரிக்காவில் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்துக்கு ஒரே நாளில் செலவு பாதிக்கும் மேல் கூடிவிட்டது. மறு ஆண்டு பிரிட்டன் வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் வைத்தது: உள்நாட்டவருக்கு 70 பவுன், மற்றவருக்கு 250. 1980-இல் வெளிநாட்டவர் முழுச் செலவையும் கட்ட வேண்டும் என்றாக்கியது. அதன் பிறகு அயல் மாணவர் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வருமானமும் ஆனார்.

மன்னரும் அறக்கட்டளையும் நின்ற இடத்துக்கு இந்தியாவில் வங்கி வந்தது. 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டப்படி வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் ரூபாய் வரை கடன் கிடைத்தது. 4 லட்சம் வரை பிணை வேண்டியிருக்கவில்லை, அதற்கு மேல் சொத்து ஈடோ மூன்றாம் நபர் உத்தரவாதமோ வேண்டியிருந்தது. படிப்பு முடிந்து ஓராண்டிலோ, வேலை கிடைத்து ஆறு மாதத்திலோ தவணை தொடங்கியது. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போவது அப்போதிருந்து நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாயிற்று.

இப்போது போகும் நாடும் முன்கூட்டியே பணத்தைக் காட்டச் சொல்கிறது. தனியாக வரும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையைக் கனடா 2024 ஜனவரி 1 முதல் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. முதலாண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் அதற்குள் அடங்காது.