அரசாங்க நாற்காலியின் கதை



ஓர் இராணுவ முகாமின் அலுவலகத்தில் மேசைகள் பழுதாகிவிட்டன. நாற்காலிகள் ஆட்டம் கண்டுவிட்டன. அவற்றை மாற்ற வேண்டும். நம் வீடாக இருந்தால் பட்டணத்துக் கடைக்குப் போய், நாலு வார்த்தை பேரம் பேசி வாங்கி வருவோம். அரசாங்கம் அப்படி வாங்க முடியாது. அது செலவிடும் பணம் மக்களின் வரிப்பணம். ஆகவே, யாரிடம் வாங்குவது, எப்படி விலை கேட்பது, அந்த நாற்காலியைச் செய்த தொழிலாளிக்கு என்ன கூலி கொடுப்பது என்பதற்கெல்லாம் சட்டங்கள் எழுந்தன. ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் ஒரு மோசடியோ ஒரு துன்பமோ இருப்பதைக் காணலாம். இராணுவத்துக்கு மிகப் பெருந்தொகை செலவிடும் அமெரிக்காவின் வரலாற்றைக் கொண்டு இதை நாம் இன்று அறிந்துகொள்வோம்.

முதலில் எழுந்த கேள்வி, குத்தகை யாருக்கு என்பது. சட்டம் இயற்றுகிறவரே குத்தகையும் எடுத்தால், தன் பைக்குத் தானே பணம் போட்டுக்கொள்வார் அல்லவா? அதனால், நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசாங்கக் குத்தகைகளில் பங்கு பெறக்கூடாது என்று 1808ஆம் ஆண்டில் அமெரிக்கா சட்டம் செய்தது. 1861ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்த மற்றொரு சட்டம், வாங்கப்போகும் பொருளை முன்கூட்டியே விளம்பரம் செய்து, பலரிடமும் விலை கேட்க வேண்டும் என்றது. நாம் இன்று டெண்டர் என்று சொல்லும் முறை இதுதான். ஆனால், அவசரம் என்றால் விளம்பரம் இல்லாமலும் வாங்கலாம் என்று அதில் ஒரு விலக்கு இருந்தது.

அதற்கு அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டது. அவசரமே வழக்கமாகிவிட்டது. கந்தலை அரைத்து நெய்த மட்டத் துணியில் சீருடை தைத்து விற்றார்கள் சில வியாபாரிகள். மழையில் நனைந்ததும் அது சிப்பாயின் உடம்பிலேயே பிய்ந்து போயிற்று. இந்தக் கொள்ளையைத் தடுக்க, அதிபர் லிங்கன் காலத்தில் 1863ஆம் ஆண்டில் பொய்க் கணக்குத் தடைச் சட்டம் வந்தது. அரசாங்கத்திடம் பொய்க் கணக்குக் காட்டினால், நட்டத்தைப் போல் இரு மடங்கும், அதன்மேல் 2,000 டாலர் தண்டமும் கட்ட வேண்டும் என்று அன்று விதித்தார்கள். மோசடியைக் கண்ட சாதாரணக் குடிமகனும் அரசாங்கத்தின் சார்பில் வழக்குப் போடலாம். வென்றால், கிடைக்கும் தொகையில் பாதி அவனுக்கு என்பது அன்றைய விதி. திருடனைப் பிடிக்க ஊரையே காவலுக்கு வைத்த சட்டம் இது. பிற்காலத்தில் திருத்தங்கள் பெற்றாலும், இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதுவரை சொன்னவை பணத்தைக் காத்த சட்டங்கள். பொருள் செய்யும் தொழிலாளியின் கூலியைக் காக்கும் சட்டம் வர, மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1930களின் பொருளாதார மந்தத்தை நம் தாத்தாமார் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர் விலை விழுந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவிலும் கோடிக்கு மேற்பட்டோர் வேலை இழந்து நின்றார்கள். குறைந்த விலை கேட்டவருக்கே அரசாங்கக் குத்தகை என்பது விதி. ஆகவே முதலாளிகள் என்ன செய்தார்கள்? மரத்தின் விலையைக் குறைக்க முடியாது; இரும்பின் விலையைக் குறைக்க முடியாது; கூலியைக் குறைத்தார்கள். நேர்மையாகக் கூலி கொடுத்தவர் டெண்டரில் தோற்றார். மக்களின் வரிப்பணமே, மக்களின் கூலியை அறுக்கும் கத்தியாக மாறியது.

அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி, தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த பிரான்சஸ் பெர்க்கின்ஸ். இந்த நிலையை மாற்ற அவர் பாடுபட்டார். 1936ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் வால்ஷ் - ஹீலி சட்டம் நிறைவேறியது. 10,000 டாலருக்கு மேற்பட்ட அரசாங்கக் குத்தகையில் பொருள் செய்து கொடுப்பவர், அத்தொழிலுக்கு வகுத்த குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று அது அன்று விதித்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. 16 வயதுக்குட்பட்ட பையன்களையும், 18 வயதுக்குட்பட்ட பெண்களையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்றும் அன்று விதித்தார்கள். சிறைக் கைதிகளையும் வைக்கக்கூடாது.

கைதிகளைப் பற்றிய இந்த விதியில்தான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1934இல், அமெரிக்க அரசாங்கமே சிறைத் தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. சோம்பி இருக்கும் கைதிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். பொதுச் சந்தையில் விற்காமல், அரசாங்க அலுவலகங்களுக்கு மட்டுமே அது விற்க வேண்டும். அலுவலகங்களும் அதனிடமிருந்தே வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். மேசை, நாற்காலி, அலமாரி போன்ற தளவாடங்கள் அதன் முக்கியப் பொருள்களாயின. இராணுவம் அதன் பெரிய வாடிக்கையாளர் ஆயிற்று.

இதில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கைதி ஒரு தொழிலோடு வெளியே வந்தால், மீண்டும் குற்றவழியில் இறங்கமாட்டான் என்றார்கள் ஒரு சாரார். மணிக்கு 23 காசு முதல் 1 டாலர் 15 காசு வரை கூலி பெறும் கைதியோடு, குடும்பம் நடத்தும் தச்சன் எப்படிப் போட்டியிடுவான் என்று கேட்டார்கள் தளவாடத் தொழிற்சாலைக்காரர்களும் தொழிற்சங்கத்தினரும். இந்த வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. கடைசியில் 2001ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றிய சட்டம் இராணுவத்துக்கு வழி திறந்தது. முதலில் சந்தையை ஆராய வேண்டும். விலை, தரம், கொடுக்கும் காலம் ஆகிய மூன்றிலும் சிறைப் பொருள் ஈடு கொடுக்காவிட்டால், மற்றவர்களையும் போட்டிக்கு அழைக்க வேண்டும்.

வேறொரு வகையினருக்கும் அரசாங்கக் கதவு திறந்தது. கண் பார்வையற்றவர்கள் செய்யும் துடைப்பம் போன்ற பொருள்களை அரசாங்கம் வாங்க வேண்டும் என்று 1938இல் சட்டம் வந்தது. 1971இல் கடுமையான உடற்குறை உள்ள மற்றவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. தானமாகக் கொடுக்காமல் வேலையாகக் கொடுத்ததால், அவர்கள் தலைநிமிர்ந்து வாழ வழி பிறந்தது.

தரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1944ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைக்குக் கப்பலில் போட நாற்காலி தேவைப்பட்டது. எடை குறைவாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் அரிக்கக்கூடாது. ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். எமெக்கோ என்ற நிறுவனம் அலுமினியத்தால் ஒரு நாற்காலி செய்து கொடுத்தது. அதே வடிவம் இந்த நூற்றாண்டிலும் விற்பனையாகிறது. வேண்டியதைத் தெளிவாக எழுதிக் கேட்டால், தக்க பொருள் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

சரி, கழித்துப் போட்ட பழைய மேசைகள் என்ன ஆகும்? 1949இல் வந்த சட்டத்தின்படி, ஓர் இலாகாவுக்கு வேண்டாத பொருளை முதலில் வேறு இலாகாக்களுக்குக் காட்ட வேண்டும். எவருக்கும் வேண்டாம் என்றால், பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். எஞ்சியதை விற்கலாம். சிப்பாயின் அலுவலக மேசை பள்ளிப்பிள்ளையின் மேசையாக மாறும் வழி இது.

நேயர்களே, காண்டிராக்ட் என்ற சொல் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. காண்டிராக்ட் ஆளாக வேலை செய்தவர்களுக்கு அதன் சுமையும் தெரியும். குறைந்த விலைக்கு வேலையை எடுத்தவர் அந்தக் குறைவை எங்கே சரிக்கட்டுகிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பொருளின் தரத்திலா, கணக்கிலா, உழைப்பவரின் கூலியிலா? 1863இல் கணக்கைக் காக்கச் சட்டம் வந்தது. 1936இல் கூலியைக் காக்கச் சட்டம் வந்தது. இரண்டும் தானாக வந்துவிடவில்லை. கேள்வி கேட்டவர்கள் இருந்ததால் வந்தன.

நம் பிள்ளைகள் நாளை அலுவலகத்தில் குத்தகைத் தாளை எழுதுகிறவர்களாகவோ, குத்தகை எடுப்பவர்களாகவோ வரக்கூடும். அப்போது, விலை எழுதிய இடத்தோடு நிற்காமல், நிபந்தனைகள் எழுதிய பக்கத்தையும் அவர்கள் படிக்க வேண்டும். தொழிலாளியின் சோறு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.