வாங்கிய புத்தகம் யாருடையது?

“சேர், ஃபோன்ல வாங்கின புத்தகம் நம்மடதானே?” என்று தரம் 11 மாணவன் ஒருவன் கேட்டான். 2009 ஜூலையில் நடந்ததைச் சொன்னேன்.

அமேசன் கிண்டில் வந்தது 2007இல். இரண்டே வருடத்தில், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ பிரதிகள் சிலவற்றை அந்நிறுவனம் அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. விற்றவரிடம் பதிப்புரிமை இல்லையாம். காசு திரும்பக் கிடைத்தது. ஆனால் அமெரிக்க மாணவர் ஒருவர் பாடத்துக்காக எழுதிய குறிப்புகள் பயனற்றுப்போயின, வழக்குப் போட்டார். ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பழைய செய்திகளை அரசு அழித்து மாற்றும் கதைதான் ‘1984’. அதுவே அழிந்தது!

புத்தகக் கடைக்காரர் நம் அலுமாரியைத் திறக்க முடியாது. மின்னூலில் நாம் வாங்குவது பெரும்பாலும் வாசிக்கும் அனுமதியை மட்டுமே. பிள்ளைகளே, முக்கியமான குறிப்பைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.