தமனியும் சிரையும்: வேறுபாடு அறியப்பட்ட வரலாறு

இதயத்திலிருந்து இரத்தத்தை உறுப்புகளுக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் தமனிகள். உறுப்புகளிலிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருபவை சிரைகள். தமனியின் சுவர் தடித்தது. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் தாங்குவது. சிரையின் சுவர் மெல்லியது; இரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுகள் பல சிரைகளில் உண்டு. இந்த வேறுபாட்டை முழுமையாக அறிய ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆயின. முதலுதவியில் இறுக்குக் கட்டைச் சரியாகப் போடுவதற்கும் இந்த அறிவே அடிப்படை.

பழங்காலக் கருத்துகள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் பிராக்சாகோரஸ் தமனியையும் சிரையையும் வேறுபடுத்திக் காட்டினார். ஆனால் தமனிகளில் காற்றே ஓடுகிறது என்று கருதினார். இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாக இருப்பது இக்கருத்துக்கு இடம் தந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவில் வெட்டி, உள்ளே இரத்தம் இருப்பதை நிறுவினார். எனினும், கல்லீரலில் உண்டாகும் இரத்தம் உறுப்புகளில் செலவாகிவிடுகிறது என்றே அவர் நம்பினார்.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, போரில் காயமுற்றோரின் உறுப்பை அகற்றும்போது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடும் வழக்கத்தைக் கைவிட்டு, இரத்தக் குழாய்களை நூலால் கட்டினார்.

ஹார்வியின் சோதனை

1603இல் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் சிரை வால்வுகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதை 1628இல் நூலாக வெளியிட்டார்.

அவரது சான்றுகளுள் ஒன்று மிக எளியது. மேற்கையை மிக இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்று, கை குளிர்கிறது. கட்டைச் சற்றுத் தளர்த்தினால் நாடி திரும்புகிறது. ஆனால் கை சிவந்து வீங்கி, சிரைகள் புடைக்கின்றன. ஆழத்தில் உள்ள தமனி திறந்துவிட்டது, மேலே உள்ள சிரை இன்னும் அடைபட்டிருக்கிறது என்பதே காரணம். அக்கால மருத்துவர்கள் சிரையைக் கீறி இரத்தம் எடுக்கும்போது இவ்வாறு அரை இறுக்கமாகவே கட்டினர். அப்போதுதான் இரத்தம் தாராளமாக வந்தது.

தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை ஹார்வி காணவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாக அவற்றைக் கண்டார். 1718இல் ழான் லூயி பெத்தி திருகாணி கொண்ட இறுக்குக் கட்டை அறிமுகப்படுத்தினார்.

முதலுதவியில் பயன்

தமனி வெட்டுப்பட்டால் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் துடிப்புக்கேற்பப் பீறிடும். சிரையிலிருந்து கருஞ்சிவப்பு இரத்தம் சீராக வழியும். எதுவாயினும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல், மேலே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். காயத்தில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது; அதன் இருபுறமும் அழுத்த வேண்டும். உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான எண் 108.

கை அல்லது காலில் அழுத்தியும் நிற்காத கடும் இரத்தப்போக்குக்கு மட்டுமே இறுக்குக் கட்டு. காயத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டையால் இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனை சேரும்வரை அவிழ்க்கக் கூடாது. அரைகுறையாகக் கட்டினால் சிரை மட்டும் அடைபட, தமனி வழியே இரத்தம் தொடர்ந்து வந்து, இரத்தப்போக்கு கூடும். ஹார்வி கையில் கட்டிக் காட்டியதும் இதைத்தான்.