பூப்போட்ட கடதாசியில் காணாமல் போன முகம்

வெளிநாடு போகப்போற எங்கட தோழி ஒருத்திக்காக நாங்கள் சேர்ந்து ஒரு அல்பம் செய்தோம். பூப்போட்ட கிஃப்ட் பேப்பரைப் பக்கம் முழுக்க ஒட்டி, அதுக்கு மேல படங்களை ஒட்டினோம். முடிச்சுப் பார்த்தால் பூதான் தெரியுது, ஆளைக் காணேல்ல. அதில ஒண்டு அவளின்ர அம்மம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம். வேற பிரதி இல்லை. உரிச்செடுக்கவும் பயம்.

அப்படியெண்டால் பூவேலை நிறைஞ்ச கடதாசியே அல்பத்துக்குச் சரிவராதா? இந்தக் கேள்வியோட தேடப் போய்த்தான் மொகலாயரின் அல்பங்களில் வந்து நிண்டோம். அவற்றை ‘முரக்கா’ என்பார்கள். ஒட்டுப்போட்டது என்று பொருள். சூஃபிகளின் ஒட்டுப்போட்ட அங்கிக்கும் அதே பெயர்தான். வேறு வேறு இடங்களில் இருந்து வந்த ஓவியங்களையும் அழகெழுத்துத் துண்டுகளையும் ஒரே அளவுத் தாளில் ஒட்டி, சுற்றிவர அகலமான ஓரம் வைத்துக் கட்டுவார்கள். ஸ்கிராப்புக் எண்டு நாங்கள் செய்யிற அதே வேலை.

அந்த ஓரங்களைப் பார்த்தால் கண் கூசும். ஜஹாங்கீர் (ஆட்சி 1605–1627) இளவரசராக இருந்தபோதே தொடங்கிய குல்ஷன் அல்பத்தில், ஓரமெல்லாம் தங்கத்தால் மரம், பாறை, பறவை, மிருகம். வெறும் இடமே இல்லை. ஆனாலும் நடுவில இருக்கிற படம் அமுங்கிப் போகேல்ல. ஏன்?

முதற் காரணம் கோடுகள். படத்தை ஒட்டி மெல்லிய தங்கக் கோடும் நிறக் கோடும், பிறகு ஒடுக்கமான ஒரு பட்டி, திரும்பவும் கோடுகள். அதுக்குப் பிறகுதான் பூவேலை. கண்ணுக்கு ஒரு வேலி கட்டின மாதிரி. அடுத்தது நிறம். ஓரத்தில் எவ்வளவு நுணுக்கம் இருந்தாலும் வெளிறின தாளில் தங்கம் மட்டும் என்றால், தள்ளிப் பார்க்கையில் அது ஒரு மினுக்கமாகத்தான் தெரியும். எங்கட கிஃப்ட் பேப்பரில கடுஞ்சிவப்பும் பச்சையும். அதுக்கு முன்னால ஒரு மங்கின படம் என்ன செய்யும்?

ஷாஜகான் காலத்தில் ஓரத்துக்கு நிறப் பூக்களும் வந்தன. ஆனால் ஒவ்வொரு செடியும் தனித்தனியாக, இடைவெளியோட நிற்கும். எதிரெதிர்ப் பக்கங்களின் ஓரங்களும் பொருந்தி வரும்.

எல்லாத்தையும் புகழவும் ஏலாது. ஓரத்துக்காகப் பழைய எழுத்துக்களை வெட்டி, கவிதை வரிகளைப் படத்தைச் சுற்றி ஒட்டியிருக்கினம். படத்துக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லாத பக்கங்கள் இருக்கு. எழுத்தும் அங்க வெறும் பூவேலைதான்.

ஆனால் எங்களுக்கு ஆகப் பிடிச்சது வேறொண்டு. குல்ஷன் அல்பத்தின் ஓர் ஓரத்தில் தௌலத் என்ற ஓவியர், அபுல் ஹசன், மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன் ஆகிய சக ஓவியர்களையும் தன்னையும் வரைந்து வைத்திருக்கிறார். வாஷிங்டனில் இருக்கிற ஜஹாங்கீர் அல்பத் தாள் ஒன்றின் ஓரத்தில் கடதாசி மினுக்கிறவர், நூல் கட்டுறவர் எல்லாரும் இருக்கினம். நடுவில இடம் கிடைக்காத ஆக்கள் பூவேலைக்குள்ள வந்து குந்தியிருக்கினம்.

அலங்காரம் ஆளை மறைக்கவும் செய்யும். ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ, மனைவி நாதிரா பானு பேகத்துக்குக் கொடுத்த அல்பம் இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. 1659இல் தம்பி ஔரங்கசீப் அவரைக் கொல்வித்தார். அன்பளிப்பு என்று அவர் எழுதின இடத்துக்கு மேல தங்கம் பூசிக் கிடக்குது.

எங்கட அல்பத்துக்கு வருவம். அம்மம்மாவின் படத்தை நாங்கள் உரிக்கேல்ல. வெள்ளைக் கடதாசியில் நாலு பட்டி வெட்டி, படத்தைச் சுற்றிப் பூவுக்கு மேல ஒட்டினோம். உள்ளோரத்தில் கறுப்புப் பேனையால் ஒரு கோடு. கோடு கொஞ்சம் கோணல். ஆனால் பக்கத்தைத் திருப்பின உடனே இப்ப முதலில் தெரியிறது அவவின்ர கண்.